ஈ85 தரும் குளிர்ச்சி
ஸ்வீடனின் கோனிக்செக் நிறுவனத்தின் சிசிஎக்ஸ் கார் பெட்ரோலில் 806 குதிரைத்திறன் தந்தது. அதே 4.7 லிட்டர் வி8 எஞ்சினை, எத்தனால் மிகுந்த கலவை எரிபொருளான ஈ85-க்கு ஏற்ப மாற்றி 2007-இல் சிசிஎக்ஸ்ஆர் என்று கொண்டுவந்தார்கள். திறன் 1,018-ஐத் தொட்டது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

இத்தனைக்கும் லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பிறகு எப்படி? ஒரு காரணம் அதன் குளிர்ச்சி. ஆவியாகும்போது, உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை அது ஏராளமாக உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளங்கையில் சானிடைசர் சில்லிடுவதும் இதனால்தான். குளிர்ந்த காற்று அடர்த்தியாகி சிலிண்டருக்குள் கூடுதலாக நிறைகிறது. ஆக்டேன் எண்ணும் அதிகம். அதனால், காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தை ஏற்றினாலும் எரிபொருள் நேரம் தவறி வெடித்து எஞ்சின் எளிதில் ‘நாக்’ அடிப்பதில்லை.

ஆனால் தீனி அதிகம். ஒரு கிலோ பெட்ரோலை எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். ஈ85-க்கு 10 கிலோவுக்கும் குறைவு. எனவே அதே காற்றுக்கு எரிபொருளைத் தாராளமாகப் பீய்ச்ச வேண்டும். பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், எத்தனாலைத் தாங்கும் குழாய்கள், புதிய டியூனிங் எல்லாம் தேவை. குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பிடிக்கட்டுமே! அதே நிறுவனத்தின் ஜெஸ்கோ, பெட்ரோலில் 1,280 குதிரைத்திறன், ஈ85-இல் 1,600.