‘தற்காலிகம்’ என்று எழுதி வைத்த வீடு

மைக்கேல் பேயின் ‘13 ஹவர்ஸ்’ (2016) பார்த்து முடித்ததும் நண்பர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “அந்த பாப் ஏன்டா அவங்கள உடனே போக விடல?”

2012 செப்டம்பர் 11 இரவு. லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக வளாகம் எரிகிறது. பக்கத்து சிஐஏ முகாமில் ஆறு பேர் ஆயுதத்தோடு தயாராக நிற்கிறார்கள். அங்கே தலைவராக இருக்கும் பாப், பொறுங்கள் என்கிறார். தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ் உட்பட நான்கு பேர் சாகிறார்கள். ஆக, தப்பு செய்தவன் கிடைச்சாச்சு.

சினிமாவாக இது வேலை செய்கிறது. யார் நம்மாள், யார் எதிரி என்று தெரியாத அந்தத் தெருக்களை பே நன்றாகவே எடுத்திருக்கிறார். ஆனால் தன் கேள்வியை அந்த 21 நிமிடத் தாமதத்துக்குள் பூட்டிவிடுகிறார். போகாதே என்று யாரும் உத்தரவிடவில்லை என்று, குடியரசுக் கட்சியினர் தலைமையிலான பிரதிநிதிகள் சபை உளவுக்குழுவே 2014இல் சொன்னது. களத்தில் நின்றவர்கள் அதை மறுத்தார்கள். யார் சொல்வது சரியென்றாலும், அதற்கு முந்தைய ஓராண்டு படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

அந்த ஓராண்டில்தான் விஷயமே இருக்கு. பெங்காசி வளாகம் முறைப்படியான தூதரகம் அல்ல, ‘தற்காலிக’ இருப்பிடம். 2011 டிசம்பரில் மேலும் ஓராண்டு நீட்டித்தார்கள், தற்காலிகமாகவே. அந்த ஒரு சொல்லால், நிரந்தரத் தூதரகங்களுக்குக் கட்டாயமான பாதுகாப்பு விதிகள் இதற்குப் பொருந்தாமல் போயின. கூடுதல் ஆள் கேட்டு எழுதியும் கேட்ட அளவுக்கு வரல. தாக்குதல் இரவில் அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரிகள் ஐந்து பேர். அதிலும் இருவர் தூதரோடு வந்தவர்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. ‘டெம்பரரி ஃபிக்ஸ்’ என்று கமென்ட் போட்டு விட்டுப்போன நாலு வரிதான் சில வருஷம் கழிச்சு சிஸ்டத்தைக் கவிழ்க்கும். திட்டு வாங்குறது அன்னிக்கு நைட் ஷிஃப்ட்ல இருந்தவன்.

அப்புறம் என்ன ஆச்சு? பாதுகாப்பு படுமோசமாகப் போதவில்லை என்று 2012 டிசம்பரில் விசாரணைக் குழு சொன்னது. எந்தத் தனிநபரும் கடமை தவறவில்லை என்றும் அதுவே சொன்னது. விடுப்பில் அனுப்பப்பட்ட நான்கு அதிகாரிகள் 2013 ஆகஸ்டில் வேறு பொறுப்புகளுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். 2015 அக்டோபரில் ஹிலாரி கிளின்டனை உட்காரவைத்து விசாரித்தார்கள். சுமார் பதினொரு மணி நேரம் போனது. இரண்டு கட்சிக்கும் தேர்தல் வசனம் கிடைத்தது.

நம்மூரும் விதிவிலக்கல்ல. பெங்காசி நடந்த அதே வாரம், நபிகளை இழிவுபடுத்திய ஒரு வீடியோவைக் கண்டித்த போராட்டத்தில் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் மீது கல் விழுந்தது. சில நாட்களில் மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார். ஒரு இடமாற்ற உத்தரவோடு பேச்சு அடங்கியது.

‘ஒருத்தனைக் காட்டு’ என்கிற இந்த வழக்கத்துக்கு எங்க கடலூர்ப் பக்கமே பழைய கதை ஒன்று உண்டு. சிதம்பரம் கோயிலைக்கூடப் படைகள் கோட்டையாகப் பயன்படுத்திய காலம். 1758இல் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. 1761இல் அவர் பொறுப்பிலிருந்த புதுச்சேரி விழுந்தது. லாலி அப்பாவி இல்லை. முரட்டு ஆள், எல்லாரையும் பகைத்துக்கொண்டவர். ஆனால் கையில் பணம் இல்லை, போன கப்பற்படையும் திரும்பி வரல. 1766இல் பாரிஸில் அவர் தலையை வெட்டினார்கள். 1778இல் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தார்கள். கப்பல் ஏன் வரல என்பதற்கு அந்தத் தலை எப்படிப் பதில் சொல்லும்?

பே கோப்புகளை வைத்துப் படம் எடுத்திருக்கணும் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு காட்சி போதும். வாஷிங்டனில் ஏசி அறையில், ‘தற்காலிகம், இன்னும் ஓராண்டு’ என்ற தாளில் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார். அது முதல் காட்சியாக வந்திருந்தால், கடைசியில் நாம் பாப்பை மட்டும் திட்டிக்கொண்டு எழுந்திருக்க மாட்டோம்.