ஷாஸ்டகோவிச்சின் கடைசி குவார்ட்டெட்

ஒரு கலைஞன் சாவை நெருங்கிக்கொண்டிருக்கிறான் என்பதால் மட்டும் அவன் படைப்பில் மரணம் வந்துவிடாது. டிமிட்ரி ஷாஸ்டகோவிச்சின் பதினைந்தாவது குவார்ட்டெட் (1974) பற்றிய பேச்சு பெரும்பாலும் அவருடைய நோய்களிலேயே நின்றுவிடுகிறது. இருதயம் பழுதாகி, வலது கை வலுவிழந்த நிலையில் எழுதினார். 1975 ஆகஸ்டில் இறந்தார். உண்மைதான். ஆனால் இவை விஷயத்தை விளக்குமே ஒழிய உருவத்தை விளக்கா.

உருவம் இதுதான்: ஆறு பகுதிகள், ஆறும் அடாஜியோ, இடையே நிறுத்தம் கிடையாது. விரைவும் நிதானமும் மாறி மாறி வருவது குவார்ட்டெட் மரபு. அந்த மாற்றத்தில்தான் காலம் நகர்வதாக உணர்கிறோம். அதை நீக்கிவிட்டால், சுமார் 36 நிமிஷம், காலம் மட்டுமே எதிரே நிற்கிறது.

1969ல் பதினான்காவது ஸிம்பனியில் லோர்க்கா, அப்போலினேர், ரில்கே கவிதைகளைக் கொண்டு மரணத்தோடு வாதாடியவர் இவர். அங்கே கோபம் இருந்தது. கோபத்துக்கு வார்த்தையும் இருந்தது. இங்கே வார்த்தை இல்லை, வாதாட எதிராளியும் இல்லை. முதல் பகுதியான 'எலிஜி'யில், ஒற்றை ஸ்வரத்தை விட்டு அதிகம் விலகாத ஒரு மெட்டு ஒரு வயலினில் தொடங்கி மற்றவற்றுக்குப் பரவுகிறது. அழுகை இல்லை.

அடுத்தது 'ஸெரனேட்'. காதலியின் ஜன்னலடியில் இரவில் பாடுவதற்கென்று ஏற்பட்ட வடிவம். இங்கே ஒவ்வொரு வாத்தியமாக ஒரே ஒரு ஸ்வரத்தை, காதில் விழாத நிலையிலிருந்து அலறல்வரை வளர்த்து, அறுத்துவிடுகிறது. பன்னிரண்டு முறை. வடிவத்தின் பெயர் இருக்கிறது. பெயருக்குரிய மனித உறவு போய்விட்டது. மரணத்தை வர்ணிக்காமலே அதை உணர்த்திவிடும் இடம் இது.

இந்தக் கண்டிப்பு கடைசிவரை காப்பாற்றப்படவில்லை. 'எபிலாக்'கில் வரும் நடுக்கங்கள் வர்ணனைக்கு அருகில் போய்விடுகின்றன. முன்பகுதிகளின் துணுக்குகள் திரும்பிவருவதிலும் நினைவுகூரலின் சலுகை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முடிவு தேறுதலாக மாறாமல் தேய்ந்து போகிறது.

பதினொன்று முதல் பதினான்கு வரையிலான குவார்ட்டெட்டுகளைப் பீத்தோவன் குவார்ட்டெட் குழுவின் நால்வருக்கும் ஆளுக்கொன்றாகச் சமர்ப்பித்தவர், இதை யாருக்கும் சமர்ப்பிக்கவில்லை. அக்குழுவின் செல்லோ கலைஞர் ஸெர்கேய் ஷிரின்ஸ்கி ஒத்திகைக் காலத்தில் இறந்துபோனார். 1974 நவம்பரில், லெனின்கிராடில், தனேயெவ் குழு முதன்முதலாக இதை வாசித்தது. இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு உருகுவது சுலபம். இசை அந்த உருக்கத்தைக் கேட்கவில்லை. தன் சாவையே பொருளாகக் கொண்டவன் தன்னிரக்கத்துக்கு ஒரு பகுதியைக்கூட ஒதுக்கவில்லை என்பதுதான் இதன் சாதனை. நோயாளியின் வாக்குமூலமாக இதைக் கேட்பவர்கள் இழப்பது அதைத்தான்.