அந்தியில் பூக்கும் பந்தல்

ஒரு வளவின் அழகை உச்சி வெயிலில் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. சொறிக்கல்முனைப் பக்கத்து வளவுகளை வெயில் தாழ்ந்த பிறகு பார்க்க வேண்டும். முதலில் பீர்க்கு மஞ்சளாக மலரும். இருட்டு விழுந்ததும் புடோல் தன் வெள்ளைப் பூவை அவிழ்க்கும். ஐந்து இதழ்களின் ஓரமும் நூல்நூலாகப் பிரிந்து தொங்கும். இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்கு அது தூரத்திலேயே தெரியும். பாகலும் பூசணியும் விடியற்காலையில் விரிந்து தேனீக்களைக் கூப்பிடும். இப்படி ஒரே பந்தலில் இரவும் பகலும் விருந்து நடக்கிறது. இந்த நேரங்களை அறிந்து கொடி ஏற்றுகிறவரின் கைவண்ணத்தைக் கலை என்றே சொல்வேன்.

அந்தக் கலையின் முதற்பாடம் காலம். நமக்கு மழை வடகீழ்ப் பருவத்தில்தான்: ஒக்டோபரில் தொடங்கி, நவம்பர், டிசெம்பரில் கொட்டி, தை பிறந்த பிறகு மெல்லக் குறையும். சொறிக்கல்முனையின் திருச்சிலுவைத் திருத்தலத்துக்கு உரிய பெருநாள் செப்டெம்பர் 14. அதற்குள் பாத்தியை உயர்த்தி, வடிகால் வெட்டி, மாட்டெருவைக் கலந்துவிட வேண்டும். கொடி விதைகள் முதல் மழைக்கு முன்பே மண்ணுக்குள் போனால்தான், அடைமழை வரும்போது வேர் பிடித்திருக்கும். வயலை ஒட்டிய களிமண் வளவில் வடிகால் இன்னும் முக்கியம். அங்கே செடியைக் கொல்வது தாகமல்ல, தேங்கிய தண்ணீர். கத்தரி, கொச்சிக்காய் நாற்றுகளை மழை தணியத் தொடங்கும் தையில் நடுங்கள். செவ்வரத்தை, நந்தியாவட்டை, மருதோன்றிக் கம்புகளை மழை தொடங்கியதுமே ஊன்றுங்கள், பெரும்பாலானவை துளிர்க்கும்.

பந்தலுக்குக் கீழே நின்று பார்த்தால் இன்னொரு நயம் தெரியும். பிஞ்சுப் புடோலின் நுனியில் நூலில் கட்டிய சின்னக் கல் ஆடிக்கொண்டிருக்கும். வளையப் பார்க்கும் காயை அந்தக் கல்லின் பாரம் நேராக இழுத்துவிடும். கல் பெரிதானால் பிஞ்சு அறுந்துவிடும். சிறிதானால் காய் சுருண்டுவிடும். எந்தப் பிஞ்சுக்கு எந்தக் கல் என்பதைக் கண்ணாலேயே நிறுத்துச் சொல்லும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அதற்குத் தராசு எதுவும் வேண்டியதில்லை.

வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசும். மேற்கே மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வரும் காற்று அது. இலையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். பொச்சு மட்டைகளை உட்புறம் மேல்நோக்கி இருக்கும்படி செடியைச் சுற்றிப் புதைத்தால் அவை தண்ணீரைப் பிடித்து வைக்கும். அறுவடை முடிந்த வயலின் வைக்கோலை மண்ணின் மேல் பரப்பி, அந்தியில் தண்ணீர் ஊற்றுங்கள். கச்சானைத் தாங்கி நிற்கும் வளவுதான் கைதேர்ந்தவரின் வளவு.

இனி விருந்தாளிகள். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுப் புழு. வளர்ந்ததும் இலைப்பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பொன்றை நீட்டி நாற்றத்தால் விரட்டும். நான்கைந்து கொத்து இலை போனாலும் மரம் மறுபடி தளிர்க்கும். செவ்வரத்தையில் தேன் குடிக்கும் தேன்சிட்டு தன் குஞ்சுகளுக்குப் பூச்சி பிடித்துக் கொடுக்கும். கச்சான் காலத்தில் நிழலில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைத்தால் கொண்டைக்குருவியும் மைனாவும் வரும். நுளம்பு பெருகாமலிருக்க அதைத் தினமும் மாற்றிவிடுங்கள்.

அந்தியில் பூச்சிமருந்து அடிப்பவர் புடோலின் அந்துப்பூச்சியைக் கொல்கிறார். பிறகு பிஞ்சு நிற்கவில்லையே என்று கொடியைக் குறை சொல்கிறார். கறிக்குக் காய், பீடத்துக்குப் பூ, புழுவுக்கு இலை என்று மூன்று பங்கு வைக்கும் வளவே முழுமையான வளவு. மூன்றாவது பங்கைப் பிடுங்கிக்கொண்டால் முதல் பங்கும் நமக்குத் தங்காது.