'ஒலிம்பியா': காட்டியதும் காட்டாததும்

1936 ஆம் ஆண்டு பேர்லினில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவை லெனி றீபென்ஸ்ரால் இரு பாகங்கள் கொண்ட திரைப்படமாக்கினார். 'ஒலிம்பியா' எனும் அப்படம் 1938 ஏப்ரல் 20 இல், ஹிட்லரின் பிறந்த தினத்தன்று, முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அது பிரசாரமன்று, தூய கலைப்படைப்பே என வாதிடுவோர் வழக்கமாகக் காட்டும் சான்று ஒன்றுண்டு: நான்கு தங்கப் பதக்கங்களை வென்ற கறுப்பின அமெரிக்க வீரர் ஜெஸி ஓவென்ஸைப் படம் மறைக்கவில்லை, வியந்தே நோக்குகிறது.

கூற்று உண்மை; அதிலிருந்து பெறப்படும் முடிபே பிழையானது. நாஸி அரசு அவ்வாண்டில் உலகின் முன் தன்னைப் பண்புள்ள விருந்தோம்பியாகக் காட்ட விழைந்தது. அதன்பொருட்டே யூத எதிர்ப்பு அறிவித்தல்கள் பேர்லின் வீதிகளிலிருந்து தற்காலிகமாக அகற்றப்பட்டன. நகரிலிருந்த ரோமா மக்கள் மார்சான் முகாமுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். உயரம் பாய்தலில் ஜேர்மனியின் தேசிய சாதனையைச் சமன்செய்திருந்த யூதப் பெண் கிரெற்றல் பேர்க்மன் அணியிற் சேர்க்கப்படவில்லை. ஓவென்ஸைக் காட்டிய தாராளம் இவற்றையெல்லாம் காண வேண்டிய கண்களுக்கு இட்ட திரை எனலாம். படத்துக்கான பணம் கோயபெல்ஸின் பிரசார அமைச்சினூடாக வந்ததென்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

படத்தின் அரசியலை ஹிட்லர் தோன்றும் காட்சிகளில் தேடுவோர் அதன் முகவுரையைத் தவறவிடுகின்றனர். கிரேக்க இடிபாடுகளூடே நகரும் கமரா, மைரன் வடித்த பரிதிவட்டம் எறியும் வீரனின் சிலையை அடைகிறது. கல் கரைந்து உயிருள்ள ஜேர்மானிய வீரனாகிறது. பின்னர் சுடர் ஒலிம்பியாவிலிருந்து பேர்லின் வந்து சேர்கிறது. (இச்சுடரோட்டம் பண்டைய வழக்கெனப் பலர் கருதுவர், கார்ல் டீமின் முயற்சியால் 1936 இலேயே அது தொடங்கிற்று.) மூன்றாண்டே நிரம்பிய ஆட்சிக்கு ஈராயிரமாண்டுக்கு மேற்பட்ட வம்சாவளி சில நிமிடங்களிற் கிடைத்துவிடுகிறது. வாதமென எதுவும் வாய்விட்டுச் சொல்லப்படாமையால் மறுப்பதற்கும் பார்வையாளனுக்கு எதுவும் எஞ்சுவதில்லை.

மரதன் ஓட்டக் காட்சி படத்தின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. ஓடுபவனின் களைப்பைப் பார்ப்பவன் தன் கால்களிலேயே உணர்கிறான். வென்றவர் சொன் கீ சுங் என்ற கொரியர். தாய்நாடு யப்பானின் ஆளுகைக்குட்பட்டிருந்தமையால் யப்பானியப் பெயரோடும் கொடியோடும் ஓடினார். கமரா அவருடலை நெருங்கிக் காண்கிறது. அவர் நாட்டை அது காணவில்லை. சியோலின் 'டோங்ஆ இல்போ' பத்திரிகையோ, அவரது நிழற்படத்தை வெளியிட்டபோது மார்பிலிருந்த யப்பானியக் கொடியை அழித்தே வெளியிட்டது. ஊழியர்கள் கைதாயினர், பத்திரிகை மாதக்கணக்கில் முடக்கப்பட்டது. 'ஒலிம்பியா'வுக்கு 1938 இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முசோலினி கிண்ணம் கிடைத்தது.