சிங்காரவேலரைப் படிக்கிறோமா?

சிந்தனைச் சிற்பி என்று புகழ்கிறோம். சிலைக்கு மாலை சூட்டுகிறோம். வாழ்க என முழங்கிக் கலைகிறோம். தோழர்களே, அந்தச் சிற்பியின் சிந்தனையை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

1860இல் சென்னையில் மீனவர் குடியிற் பிறந்தவர் ம. சிங்காரவேலர். 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் திருநாளை நடத்திக் காட்டியவர். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய பொதுவுடைமையாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இவை நாம் மேடைதோறும் ஒப்பிக்கும் செய்திகள். ஆயினும் சுயமரியாதை இளைஞர்க்கு அவர் ஆசானாக விளங்கியது 'குடி அரசு' ஏட்டில் அவர் தீட்டிய கட்டுரைகளாலன்றோ!

அக்கட்டுரைகளின் நடை எளிதன்று. வடசொற்கள் மலிந்த நடை. நீண்டு செல்லும் வாக்கியங்கள். இக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அடுக்குமொழிக்கும் கைதட்டலுக்கும் பழகிய நம் செவிக்கு அவர் தரும் பாடம் ஒன்றுண்டு. கடவுள் இல்லையென்று சொல்லிவிட்டு அவர் அமர்ந்துவிடவில்லை. அண்டம் எவ்வாறு இயங்குகிறது, உயிர்கள் எவ்வாறு தோன்றி வளர்ந்தன, மூடநம்பிக்கை எதனால் நிலைக்கிறது என அறிவியலின் துணைகொண்டு படிப்படியாக விளக்கினார். மறுப்பதற்கு முழக்கம் போதும். விளக்குவதற்குப் படிப்பு வேண்டும். நம் எழுத்தில் இன்று குறைந்திருப்பது எது? முழக்கமா, படிப்பா?

1932 இறுதியில் ஈரோட்டில் சமதர்மத் திட்டம் உருவானபோது அவருக்கு வயது 72. சாதியையும் மதத்தையும் சாடிய இயக்கத்தின் முன்னே, உழைப்பவன் வயிற்றையும் பார் என்று பொருளாதாரக் கேள்வியை வைத்தார் அம்முதியவர். பின்னர் பெரியார் நீதிக்கட்சியை ஆதரிக்க முற்பட்டபோது, அதில் தமக்கு உடன்பாடில்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. பெரியாரிடம் மதிப்பு வைத்திருந்தார், மாறுபட்டும் நின்றார். மதிப்பது வேறு, தலையாட்டுவது வேறு என்பதை அவரிடமல்லவா நாம் கற்க வேண்டும்?

1946 பிப்ரவரி 11 அன்று அவர் மறைந்தார். ஆண்டுதோறும் அந்நாள் வருகிறது, மாலைகளும் வருகின்றன. இனி மாலையோடு அவர் கட்டுரை ஒன்றையும் எடுத்துச் செல்வோம். மன்றத்தில் அமர்ந்து உரக்கப் படிப்போம். கடினமான சொல்லுக்குப் பொருள் கேட்போம். காலம் கடந்த கருத்து தென்பட்டால், அறிவியல் அதன்பின் கண்டதை எடுத்துரைத்து அவரையே மறுப்போம். ஆய்ந்து பார் என்று சொன்ன ஆசானுக்கு, ஆய்ந்து பார்க்கும் மாணவரைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறு எதை நாம் எழுப்பிவிட முடியும்?