எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? – கெடாத் தோட்டப்புற வாக்காளரும் ‘குறைந்த தீமை’யும்

மலேசிய இந்தியர்தம் தேர்தல் நடத்தையைப் பற்றி எழுதுவோரிடம் இரு சொற்கள் நிலைபெற்றுவிட்டன. ஒன்று ‘வாக்கு வங்கி’. மற்றொன்று ‘தீர்மானிக்கும் சக்தி’. 2008க்கு முன்னர் முதற்சொல்லும் அதற்குப் பின்னர் இரண்டாம் சொல்லும் கட்டுரைகளிலும் நாளிதழ்த் தலையங்கங்களிலும் மிகுதியாக வழங்கின. இரண்டுமே வாக்காளரை எண்ணிக்கையாகக் காண்பவை. இவ்விரு சொற்களும் மறைத்துவிடும் ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை பேச விழைகின்றது. அவர் தொழிற்சங்க மரபில் வளர்ந்தவர். உழைப்பவனுக்கு உரிமை வேண்டும் என்று நம்பியவர். தமக்குரிய கட்சி வாக்குச்சீட்டில் இல்லை என்பதை அறிந்தவர். ஆயினும் சாவடிக்குச் சென்று, இருப்பவற்றுள் தீமை குறைந்தது எனத் தாம் கருதுவதற்குப் பெருக்கல் குறியிட்டுத் திரும்புபவர். பீடோங், சுங்கை லாலாங், லூனாஸ், கூலிம் வட்டாரங்களில் இத்தகையோர் அருகிவிட்டனர், அற்றுப்போகவில்லை.

‘எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி’ என்பது நம் பழமொழி. தெரிவு செய்வதே வீண் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். தேர்தலைப் புறக்கணிக்க விரும்புவோர் இதனை மேற்கோளாக ஆள்வதை நாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். ஆனால் இப்பழமொழி கொள்ளியைத் தொலைவில் நின்று காண்பவனின் கூற்றாகும். கூரைக்கு அருகிலிருக்கும் கொள்ளி எது என்பது கூரைக்கு உரியவனுக்குத் தெரியும். அவனுக்கு எல்லாக் கொள்ளியும் ஒன்றல்ல.

கெடாவில் இவ்வினாவுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தோட்டத் தொழிலாளர் எழுச்சியின் முதன்மைக் களங்களுள் ஒன்று இம்மாநிலமே. கள்ளுக்கடை மறியலாகத் தொடங்கித் தொண்டர் படையாக வளர்ந்த இயக்கம் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு பரவியது. 1947 மார்ச்சில் பீடோங்கிலும், ஏப்ரலில் டப்ளின் தோட்டத்திலும் காவலர் நடவடிக்கையில் தொழிலாளர் உயிர் துறந்தனர். 1948இல் அவசரகாலம் பிறந்தது. தொழிற்சங்கச் சம்மேளனம் கலைந்தது. 1949 மே மாதம் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். 1954இல் தோற்றம் பெற்ற தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேச்சுவார்த்தையை நம்பிய அமைப்பே அன்றி அரசியல் மாற்றை முன்வைத்த அமைப்பன்று. எனவே கெடாத் தோட்டத் தமிழர், தேர்தல் என்னும் ஒன்று வருவதற்கு முன்னரே தம் அரசியலை இழந்தவராயினர். 1955இன் முதற் பொதுத்தேர்தல் முதல் அவர்முன் வைக்கப்பட்டவை யாவும் பிறர் அமைத்த தெரிவுகளே.

நாட்டளவில் இடதுசாரிக் கட்சிகளின் நிலையும் இதற்கு வேறன்று. 1969 பொதுத்தேர்தலை மலாயாத் தொழிற்கட்சி புறக்கணித்தது. அதன் ஆதரவாளர் வீட்டிலிருப்பதா, பிற எதிர்க்கட்சிகளுக்கு வாக்களிப்பதா என்னும் இக்கட்டுக்கு உள்ளாயினர். தொழிற்சங்கவாதி வி. டேவிட்டின் அரசியல் வாழ்வையே இவ்விக்கட்டின் வரைபடமாகக் கொள்ளலாம். சோசலிச முன்னணியில் தொடங்கி, கெராக்கான் வழியாக, ஜ.செ.க.வில் சென்று சேர்ந்தவர் அவர். அவரைக் கட்சி மாறியவர் என்பது எளிது. அவர் நின்ற தரை ஒவ்வொரு முறையும் கரைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மை.

இனி லூனாசுக்கு வருவோம். அச்சட்டமன்றத் தொகுதியின் ம.இ.கா. உறுப்பினர் 2000 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து, அம்மாத 29ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. ஒருபுறம் ம.இ.கா. வேட்பாளர், மறுபுறம் கெஅடிலான் கட்சியின் சைபுடின் நசுத்தியோன். எதிரணிக்குள்ளேயே வேட்பாளர் தெரிவில் பிணக்கு எழுந்தது, ஜ.செ.க. மனக்கசப்புற்றது. ஆகவே, ஆளுங்கட்சியின்மீது வெறுப்புற்ற தமிழ் வாக்காளர் தம் இனத்தைச் சாராத, தமக்கு அறிமுகமற்ற புதிய கட்சியின் வேட்பாளருக்கு வாக்களிப்பதா என எண்ண நேர்ந்தது. 530 வாக்கு வேறுபாட்டில் எதிரணி வென்றது. 36 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் தேசிய முன்னணியின் பலம் 24இலிருந்து 23ஆகக் குறைந்து மூன்றில் இரண்டு பெரும்பான்மை கைநழுவிற்று. 530 என்னும் இவ்வெண் மிக இன்றியமையாதது. சில தோட்டங்களின் லயத்து வீடுகளை எண்ணினால் கிடைக்கும் எண் அது. தந்திரமாக வாக்களித்தலுக்கு ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கு லூனாசில் பலித்தது.

எட்டாண்டுகள் கழித்து அது மாநிலமெங்கும் பலித்தது. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த இண்ட்ராப் பேரணியின் வெம்மை ஆறாத நிலையில், 2008 மார்ச் 8ஆம் நாள் கெடா ஆட்சி மாறியது. தராசுச் சின்னத்தை அன்றி வேறெதையும் அறியாத பல தமிழ்க் குடும்பங்கள் பாஸ் கட்சியின் நிலாவுக்கு வாக்களித்தன. இசுலாமிய அரசைக் குறிக்கோளாகக் கொண்ட கட்சிக்குக் கோயில் உடைப்பைக் கண்டித்து வாக்களித்த இந்நிகழ்வை அறியாமை என்று சிலர் எழுதினர். யான் அவ்வாறு கருதவில்லை. அவர்கள் பாஸ் கட்சியைத் தேர்ந்தெடுத்தார் அல்லர், ஆட்சியைத் தண்டித்தனர். ஆனால் தண்டிக்க இட்ட வாக்கும் ஆள்வதற்கான ஆணையாகவே எண்ணப்படும். 2009 ஜூலையில் ஜ.செ.க. மாநில ஆட்சிக் கூட்டணியிலிருந்து விலகியபோது இவ்வுண்மை வெளிப்பட்டது.

புக்கிட் செலம்பாவ் அதற்குள் மற்றொரு பாடத்தைத் தந்திருந்தது. 2008இல் சுயேச்சையாக வென்றவர் கெஅடிலானில் சேர்ந்து மாநில ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார். 2009 பிப்ரவரியில் பதவி துறந்தார். ஏப்ரல் 7ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் 15 பேர் போட்டியிட்டனர். அவருள் 13 பேர் சுயேச்சைகள். கெஅடிலானின் எஸ். மணிகுமார் 2,403 வாக்கு வேறுபாட்டில் வென்றார். இத்துணைப் பேர் நின்றும் வாக்குகள் சிதறாமல் இரு முகாம்களிலேயே குவிந்தன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வீணாகும் வாக்கு எது என்பதைத் தோட்டப்புறத்தார் எந்த அரசியல் அறிவியல் நூலின் துணையுமின்றிக் கணித்திருந்தனர்.

இவ்விக்கட்டு நமக்கு மட்டும் உரியதன்று. 2002 மே மாதம் பிரான்சின் இடதுசாரிகள் லெ பென்னைத் தடுக்க வேண்டித் தாம் காலமெல்லாம் எதிர்த்த சிராக்குக்கு வாக்களித்தனர். அவர் 82 விழுக்காடு பெற்றார். அதனினும் கொடியது 2010 சனவரியில் இலங்கையின் வடகிழக்குத் தமிழர்க்கு வாய்த்தது. முந்திய ஆண்டுப் போரை ஆணையிட்டு நடத்திய அதிபர் ஒருபுறம். களத்தில் நடத்திய படைத்தளபதி மறுபுறம். வாக்களித்தோருள் பெரும்பான்மையர் தளபதியையே தேர்ந்தனர். அவ்வாக்கை ஆதரவு என்று வாசிக்கும் ஆய்வாளர் எவரேனும் இருப்பரோ? நம் நாட்டு ஆய்வுகள் மட்டும் வாக்கையும் ஆதரவையும் ஒன்றெனக் கொள்வது ஏன் என்பதே என் வினா.

2020 மே மாதம் இரு உறுப்பினர் அணிமாறியதால் கெடாவில் ஆட்சி கவிழ்ந்தது; முகமட் சனூசி மந்திரி பெசாரானார். 2021இல் தைப்பூசத்திற்கான மாநில விடுமுறை, நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணங்காட்டி, நீக்கப்பட்டது. 2023 ஆகஸ்டு 12ஆம் நாள் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது தெரிவு தலைகீழாகியிருந்தது. எந்தத் தராசை வீழ்த்த 2008இல் நிலாவுக்கு வாக்களித்தனரோ, அத்தராசைத் தோழமைக் கட்சியாகக் கொண்ட நம்பிக்கைக் கூட்டணிக்கு, நிலாவைத் தடுக்கும்பொருட்டு வாக்களிக்குமாறு கேட்கப்பட்டனர். பெரிக்காத்தான் 33 இடங்களை வென்றது. பாக்கார் அராங், சீடாம், கோத்தா டாருல் அமான் ஆகிய மூன்று இடங்களே எஞ்சின. லூனாசின் கணக்கு இங்குச் செல்லவில்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் அம்மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் நகரங்களின் மலிவுவிலை வீடுகளில் சிதறிவிட்டனர். சிதறிய வாக்கு எதையும் சாய்ப்பதில்லை. தம் வாக்கு முடிவை மாற்றாது என அறிந்தும் குறைந்த தீமைக்கு வாக்களிப்பவனின் செயலைத் தந்திரம் என்று அழைத்தல் பொருந்தாது. அதற்கு வேறு பெயர் வேண்டும்.

இவ்விடத்தில் நம் படைப்பிலக்கியம் பற்றியும் ஒன்று கூற வேண்டியுள்ளது. கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமியின் ‘மலைக்காடு’ அன்றைய தொழிலாளர் போராட்டத்தை நாவலாக்கியது. வேலைநிறுத்தத்திற்கு நம் புனைவில் இடமுண்டு. வாக்குச்சாவடிக்கோ, என் வாசிப்புக்கு எட்டியவரை, ஏறத்தாழ இடமே இல்லை. வேலைநிறுத்தத்தில் எதிரி ஒருவன், நிற்பவன் வீரன். வாக்களிப்பில் வீரமில்லை, மறைப்புக்குப் பின்னால் ஒரு பென்சிலும் மனத்தாங்கலும் மட்டுமே உண்டு. ஆயினும் 1947இல் நின்றவனின் பேரன் அங்கேதான் நிற்கிறான். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் அவனுக்குப் பாட்டனின் கருவி கைவசமில்லை. மின்னணுத் துறையில் வட்டாரச் சங்கங்களுக்கே 2009இல்தான் இசைவு கிடைத்தது.

சுங்கை பட்டாணியில் முன்னாள் பால்மரத் தொழிலாளர் ஒருவரிடம், ஏன் இன்னும் வாக்களிக்கச் செல்கிறீர்கள் என வினவினேன். “தம்பி, அந்தக் காலத்துல பெரட்டுக்குப் போகாம நின்னா தொரைக்கு வலிக்கும். இப்ப ஓட்டுக்குப் போகாம நின்னா யாருக்கு வலிக்கும்?” என்றார் அவர். புறக்கணிப்பு ஒரு போராட்ட வடிவம் எனக் கருத்தரங்குகளில் கேட்டுப் பழகிய எனக்கு விடை தோன்றவில்லை. பிறகு அவரே, “புடிச்சிருந்தா போடறோம்? இல்ல. புடிக்கலைன்னு சொல்றதுக்குப் பொட்டி வேற இல்ல” எனச் சேர்த்தார்.

மலேசியாவில் ஒவ்வொரு வாக்களிப்பு மையமும் வயதுவாரியாகச் ‘சாலூரான்’ எனப்படும் வரிசைகளாகப் பிரிக்கப்படுகின்றது. மூத்தோர் முதல் வரிசையில் வாக்களிப்பர். சங்கத்தை அறிந்த தலைமுறையும் அறியாத தலைமுறையும் எவ்வாறு வேறுபட்டு வாக்களிக்கின்றன என்பதைச் சாவடிவாரியான முடிவுகளிலிருந்து ஓரளவு கணிக்க இயலும். அவற்றோடு முதல் வரிசையினரின் வாய்மொழிகளையும் சேர்த்துத் தொகுக்க நம் துறை மாணவர் முன்வருவாராயின், அவர் விரைந்து தொடங்குதல் வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட பெரியவருக்கு வயது எண்பத்து மூன்று.