கயிற்றைக் கட்டியது யார்?

டாரட் கட்டில் மொத்தம் 78 சீட்டுகள். அதில் பன்னிரண்டாம் எண் போட்ட சீட்டு 'தொங்கும் மனிதன்'. எந்தச் செயலியைத் திறந்தாலும், எந்த யூடியூப் ஜோசியரைக் கேட்டாலும், இந்தச் சீட்டுக்குப் பெரும்பாலும் ஒரே பலன்தான் சொல்வார்கள்: நிதானி, பொறுத்திரு, பிடியை விடு, வேறு கோணத்தில் பார். ஒருவன் மரத்தில் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். அவனைப் பார்த்து இவ்வளவு இதமான அர்த்தத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம்?

முதலில் படத்தைப் பார்ப்போம். இன்று உலகம் முழுக்கப் புழங்குவது 1909-ல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுடையது. 78 படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். பெரிய வேலை, கூலியோ சொற்பம் என்று அவர் அந்த ஆண்டே புகைப்படக்காரர் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார். கட்டுக்கு 'ரைடர் வெய்ட்' என்று பெயர் நிலைத்தது. ஸ்மித்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வெகு காலம் கழித்துத்தான் வந்தது.

அவர் வரைந்த மரம் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருக்கிறது. பட்ட மரமல்ல, இலை துளிர்த்த மரம். நீலச் சட்டையும் சிவப்புக் காலாடையும் போட்ட ஒருவன் ஒரு காலில் தொங்குகிறான். இன்னொரு கால் மடங்கி, தொங்கும் காலுக்குக் குறுக்கே போகிறது. கைகள் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன, கட்டப்பட்டிருக்கின்றனவா என்று நமக்குத் தெரியாது. தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம், முகத்தில் வலியே இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்த்ததும் திரிசங்கு நினைவுக்கு வரலாம். ஆனால் திரிசங்கு அந்தரத்தில் தியானம் பண்ணப் போனவன் இல்லை. இந்திரனுக்கும் விசுவாமித்திரருக்கும் நடந்த இழுபறியில் மாட்டிக்கொண்டவன்.

இத்தாலியின் பழைய சீட்டுப் பட்டியல்களில் இவன் பெயர் 'தூக்கிலிடப்பட்டவன்', அல்லது 'துரோகி'. அந்தக் காலத்து இத்தாலிய நகரங்களில் அவமானச் சித்திரம் என்று ஒரு தண்டனை இருந்தது. துரோகிகள், மோசடிக்காரர்கள், கடனைக் கட்டாமல் ஓடியவர்கள் கையில் சிக்காவிட்டால், அவர்களைத் தொங்கவிட்டதுபோல் அரசாங்கமே பொதுச் சுவரில் படம் வரையச் சொல்லும். ஒற்றைக் காலில் தலைகீழாக என்பது அதில் வழக்கமான கோலம். 1440-ல் புளோரன்ஸில் இப்படி வரைந்த ஆந்த்ரேயா தெல் கஸ்தாஞோவுக்குத் 'தூக்குக்காரர்களின் ஆந்த்ரேயா' என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1530-ல் ஆந்த்ரேயா தெல் சார்த்தோவுக்கு அதே வேலை வந்தபோது, அந்தப் பட்டப்பெயருக்குப் பயந்து சீடன் பெயரைச் சொல்லி ரகசியமாக வரைந்தார் என்கிறார் வசாரி. அவர் போட்ட மாதிரி ஓவியங்கள் உஃபிஸியில் இருக்கின்றன.

இன்னொரு விஷயம் எனக்குச் சுவாரசியமானது. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய 'தொங்கும் மனிதன்' சீட்டுகளில் ஒன்று, 1450 வாக்கில் மிலான் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவின் அவைக்காகச் செய்யப்பட்டதாகக் கருதப்படும் கட்டில் உள்ளது. அந்தக் கோமகனின் அப்பா முத்ஸியோ அத்தெந்தோலோ ஒரு கூலிப்படைத் தலைவர். போப்பாண்டவர் பட்டத்துக்கு உரிமை கோரிய இருபத்து மூன்றாம் ஜான் அவரைத் துரோகி என்று அறிவித்து, ஒற்றைக் காலில் தொங்குவதுபோல் ரோமில் படம் வரையவைத்தார். அப்பாவை அவமானப்படுத்திய அதே கோலம் மகனின் அரண்மனையில் சீட்டாடும் கைகளில் புழங்கியது. அப்போது டாரட் வெறும் சீட்டாட்டம்தான். குறி சொல்லும் வழக்கமெல்லாம் 18-ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது என்பதைத் தத்துவவாதி மைக்கேல் டம்மட் 1980-ல் வெளியான நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார்.

திருப்பம் 1781-ல் வருகிறது. கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் டாரட் பண்டைய எகிப்தின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை அன்று யாருக்கும் படிக்கத் தெரியாது, ஷாம்போலியோன் அதைத் திறந்தது 1822-ல்தான். ஆகவே எதை வேண்டுமானாலும் எகிப்து தலையில் கட்டலாம். பன்னிரண்டாம் சீட்டு உண்மையில் 'விவேகம்', ஒரு காலை ஊன்றி மறுகாலை எங்கே வைப்பது என்று யோசிக்கும் மனிதன், சீட்டு அச்சடித்தவர்கள் புரியாமல் தலைகீழாக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். இப்படித்தான் தண்டனை பெற்றவன் ஒரே எட்டில் சிந்தனையாளன் ஆனான். 1910-ல் விளக்க நூல் எழுதிய வெய்ட் ஜெபலினின் எகிப்தை ஏற்கவில்லை. ஆனால் அவரும் இவனைத் தண்டனையிலிருந்து விலக்கித்தான் வைக்கிறார். முகத்தில் இருப்பது வேதனையல்ல, ஆழ்ந்த லயிப்பு என்கிறார். தியாகியின் சீட்டு என்று சொல்வதும் தவறாம்.

ஆனால் வெய்ட்டின் கட்டே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. பழைய மார்செய் கட்டில் நீதி எட்டாம் சீட்டு, வலிமை பதினொன்று. தான் சார்ந்திருந்த கோல்டன் டான் ரகசியக் குழுவின் முறைப்படி வெய்ட் இரண்டையும் இடம் மாற்றினார். அதனால் அவர் கட்டில் வரிசை இப்படி ஆகிறது: பதினொன்று நீதி, பன்னிரண்டு தொங்கும் மனிதன், பதிமூன்று மரணம். தீர்ப்பு, தண்டனை, சாவு. அவர் துடைக்கப் பார்த்த கதை வரிசையில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

அதோடு, சீட்டு தலைகீழாக விழுந்தால் என்ன பலன் என்றும் வெய்ட் எழுதியிருக்கிறார். சுயநலம், கூட்டம், அரசியல் சமூகம். இந்தச் சீட்டைத் தலைகீழாக்கினால்தான் அந்த மனிதன் நிமிர்ந்து நிற்கிறான். அவன் நிமிர்ந்ததும் கூட்டமும் அரசும் அர்த்தத்துக்குள் வருகின்றன, தொங்கும்போது ஞானம் மட்டும். வெய்ட் இதை யோசித்துச் செய்தாரா என்பது இருக்கட்டும். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் தொங்குவது எனக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் புராஜெக்ட் நின்றுபோய், ஐந்து மாதம் பெஞ்சில் இருந்தேன். ஐ.டி.க்காரர்களுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டாம். சம்பளம் வரும், வேலை வராது. தினமும் காலையில் லாகின் பண்ணிவிட்டு, யார் எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டும். அப்போது டாரட் கற்றுக்கொண்டிருந்த ஒரு சிநேகிதி எனக்காகச் சீட்டு எடுத்தாள். வந்தது பன்னிரண்டு. "இது உனக்குத் தேவையான பிரேக்குடா. ஃபைட் பண்ணாத, சரண்டர் பண்ணு" என்றாள். அன்புடன்தான் சொன்னாள். அதே வாரம் எச்.ஆரிடமிருந்து வந்த மெயிலும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது: இந்த இடைவெளியை உங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் வாய்ப்பாகப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து வந்த கடைசி மெயிலில் அந்த வாசகம் இல்லை.

அதற்காக நவீனப் பலனைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. என் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அந்தக் கயிற்றை யாரும் கட்டவில்லை. வழுக்கிய தரை, வயது, அவ்வளவுதான். "எப்ப எழுந்திரிப்பேன்?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் அதைக் கேட்பதை நிறுத்தினார். ஜன்னல் வழியே தெரிந்த முருங்கை மரத்தில் எந்த நேரத்துக்கு எந்தக் குருவி வரும் என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஸ்மித் வரைந்த அந்த முகம் அப்போது அம்மாவிடம் இருந்தது. போராடி ஜெயிக்க எதிரில் ஆள் இல்லாத இடத்தில், பொறுத்திரு என்பது உண்மையிலேயே ஞானம்தான்.

ஆகவே எனக்குப் பிரச்சினை 'பொறுத்திரு' என்ற பலன் அல்ல. அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதுதான். நோயால் தொங்குகிறவனுக்கும், முதலாளியால் தொங்கவிடப்பட்டவனுக்கும், விசாவுக்காகத் தூதரக வாசலில் நிற்கிறவனுக்கும் செயலி ஒரே வாக்கியத்தைச் சொல்கிறது. ஸ்மித்தின் படத்தில் மரத்தையும் கயிற்றையும் மனிதனையும் பார்க்கிறோம். கட்டியவர் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறார். அவமானச் சித்திரத்தின் காலத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, தொங்கவிட்டது நகரம் என்று தெருவில் போகிற எல்லாருக்கும் தெரியும்.

என் சிநேகிதி இன்றும் சீட்டு எடுக்கிறாள். போன மாதம் அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். பன்னிரண்டு வந்தால் பலன் சொல்வதற்கு முன், "உன்ன யாரு கட்டிவெச்சது?" என்று ஒரு வார்த்தை கேள் என்றேன். யாருமில்லை என்று பதில் வந்தால் அவள் சொல்லும் பலன் சரி. ஒரு பெயர் வந்தால்? "அப்ப அடுத்த சீட்ட எடுக்க வேண்டியதுதான்" என்றாள். இல்லை, பதினொன்றாம் சீட்டைத் தேடி எடு என்றேன்.